துப்பாக்கிப் பயிற்சி மேட்டின் ஈயமும் காலித் தோட்டாப் பித்தளையும்: விலை பேசுவதற்கு முன்

கேள்வி இது. காட்பாடிப் பக்கம் ஒரு சிறிய ரைபிள் கிளப். பல வருடமாகச் சேர்ந்த காலித் தோட்டாக்கள் சாக்கு சாக்காகக் கிடக்கின்றன. குண்டுகளை வாங்கிக்கொள்ளும் மண்மேட்டை மழைக்காலத்துக்கு முன் உடைத்துத் திரும்பக் கட்டப் போகிறார்கள். அந்த மண்ணுக்குள் ஈயம் இருக்கிறது. பழைய இரும்புக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "பித்தளை, ஈயம் எல்லாம் சேர்த்து ஒரே ரேட்டுக்கு எடுத்துக்கறேன், மண்ணும் கல்லும் இருக்கறதால ஈயத்துல பாதி எடை கழிச்சுக்கணும்" என்கிறாராம். இது நியாயமான பேச்சா, சரக்கை எப்படி மதிப்பிடுவது என்று கிளப்பின் செயலாளர் கேட்டிருக்கிறார்.

நியாயமில்லை, சார். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. கலந்து கிடக்கும் சரக்குக்கு எந்த வியாபாரியும் அதில் உள்ள மட்டமான பொருளின் விலையைத்தான் பேசுவார். நஷ்டம் வந்தால் அது தன் பக்கம் வரக்கூடாது என்று பார்ப்பார். பிரித்து வைத்தால் விலை உங்கள் கைக்கு வரும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் பழைய உலோக ஏலங்களுக்கு மதிப்புப் போடும் வேலையில் இருக்கிறேன். சரக்கு எவ்வளவு என்று விற்பவருக்கே தெரியாத இடத்தில்தான் விலை அடிபடுகிறது. உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. உங்களிடம் இருப்பது போன்ற கணக்குப் புத்தகம் வேறு எந்தப் பழைய சாமான் விற்பவரிடமும் கிடையாது.

தோட்டா இருப்புப் பதிவேட்டைச் சொல்கிறேன். எத்தனை வாங்கினீர்கள், எத்தனை சுட்டீர்கள் என்பதை உரிமத்துக்காக எழுதியே வைத்திருப்பீர்கள். சிறு ரைபிளில் போடும் .22 எல்.ஆர். (லாங் ரைபிள்) தோட்டாவின் குண்டு வழக்கமாக 40 கிரெய்ன், அதாவது 2.59 கிராம். காலிக் கூடு சுமார் 0.65 கிராம். பதிவேட்டில் இதுவரை சுட்டது 1 லட்சம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேட்டுக்குள் போன ஈயம் 259 கிலோ. தரையில் விழுந்த பித்தளை ஏறக்குறைய 65 கிலோ. காற்றுத் துப்பாக்கியின் 4.5 மி.மீ. பெல்லட் (சிறு ஈயக் குண்டு) ஒன்று அரை கிராமுக்குக் கொஞ்சம் கூட, 0.53 கிராம், 1 லட்சம் பெல்லட் 53 கிலோ. கடைக்காரர் வருவதற்கு முன்பே உங்கள் சரக்கின் உச்சவரம்பு உங்கள் கையில் இருக்கிறது. மேட்டிலிருந்து 120 கிலோதான் வந்தது என்றால் மீதி எங்கே என்று கேட்கவும் முடியும். சல்லடையில் தப்பிப் பொடியாகப் போயிருக்கலாம், ஆழத்தில் இருக்கலாம், இரும்புத் தகட்டில் பட்டுச் சிதறியிருக்கலாம். எதுவானாலும் அது உங்கள் நிலத்தில்தான் இருக்கிறது. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பித்தளையை முதலில் முடித்துவிடுவோம். தோட்டாக்கூட்டுப் பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். குழாய் வால்வு, பழைய குத்துவிளக்கு போன்றவற்றில் ஈயம், தகரம், இரும்பு என்று என்னென்னவோ கலந்திருக்கும். தோட்டாக்கூட்டில் கலவை தெரிந்தது, சீரானது. அதனால்தான் உலகச் சந்தையில் சுட்ட தோட்டாக்கூட்டுக்கு 'லேக்' என்று தனிப் பெயர் வைத்துத் தனி ரகமாகவே விற்கிறார்கள். கலப்புப் பித்தளை விலைக்கு இதை விடக்கூடாது.

விலையை ரூபாயில் கேட்காமல் சதவீதத்தில் கேளுங்கள். எம்.சி.எக்ஸ். என்ற பண்டச் சந்தையில் செம்பு, துத்தநாகம், ஈயம் மூன்றுக்கும் கிலோ விலை தினமும் வருகிறது, கைப்பேசியிலேயே பார்க்கலாம். கணக்குக்காகச் செம்பு 1000 ரூபாய், துத்தநாகம் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 70க்கு 700, 30க்கு 90. ஆக, கிலோ பித்தளைக்குள் இருக்கும் உலோகத்தின் மதிப்பு 790 ரூபாய். உருக்கும் செலவு, புகையாகப் போகும் துத்தநாகம், வண்டி வாடகை, அவர் லாபம் எல்லாம் இதிலிருந்துதான் போகவேண்டும். "இன்றைய உலோக மதிப்பில் எத்தனை சதவீதம் தருவீர்கள்?" என்று மூன்று பேரிடம் கேளுங்கள். நேற்று ஒரு விலை, இன்று ஒரு விலை என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

அமெரிக்க விலைகளைப் பார்த்துவிட்டு எதிர்பார்ப்பை ஏற்றிக்கொள்ள வேண்டாம். அங்கே காலிக் கூட்டைத் திரும்ப நிரப்பிச் சுடுகிறவர்கள் அதிகம், அதனால் கூட்டுக்கு உலோக விலைக்கு மேல் ஒரு விலை உண்டு. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா நிரப்புவது குற்றம். அதுவும் .22இல் வெடிமருந்து அடிவிளிம்புக்குள்ளேயே இருப்பதால் ஒருமுறை சுட்டபின் அந்தக் கூடு அந்த வேலைக்கு ஆகாது. இங்கே அது பித்தளை மட்டுமே.

சாக்குகளைத் தார்ப்பாயில் கொட்டி, முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். சில .22 கூடுகள் இரும்பில் செய்து மேலே பூச்சு கொடுத்தவை. ரவைகளைச் சிதறவிடும் 12 போர் துப்பாக்கித் தோட்டாவின் அடிமூடி பித்தளை போலப் பளபளக்கும். பலவற்றில் அது பூச்சு பூசிய இரும்பு, காந்தத்தில் ஒட்டும். மேல்பாகம் பிளாஸ்டிக். இந்த 12 போர் காலிகள் சாக்கில் கலந்திருந்தாலே கடைக்காரர் மொத்தச் சாக்கையும் தட்டிவிடுவார். பிளாஸ்டிக்கை எரித்து மூடியை எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்த மூடிக்குக் கிடைக்கும் காசுக்கு அந்தப் புகையைச் சுவாசிக்க வேண்டியதில்லை.

அடுத்து, சுடாத தோட்டா. இதை மட்டும் வேறு யாரிடமும் விடாமல் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். விசை தட்டியும் வெடிக்காத தோட்டாவைப் பயிற்சியின்போது தரையில் போட்டுவிடுவார்கள். கூட்டும்போது அது காலியோடு சாக்குக்குள் போய்விடும். .22 காலிக் கூடு ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும், வாய் திறந்திருக்கும். முழுத் தோட்டா இரண்டரை சென்டிமீட்டர், முனையில் மங்கலான ஈயக் குண்டு தெரியும். மெல்லப் பரப்பிவிட்டால் நீளமானது கண்ணில் படும். விளிம்பில் ஊசி பட்ட பள்ளம் இருப்பதை வைத்துச் சுட்டது என்று முடிவு செய்யாதீர்கள், பள்ளம் விழுந்தும் வெடிக்காததுதான் இங்கே ஆபத்து. அப்படி ஒன்று உலைக்குள் போனால் உருக்குகிறவர் முகத்தில்தான் தெறிக்கும். கிடைத்தவற்றைத் தனியே எடுத்துப் பதிவேட்டில் எழுதி, உரிமம் பெற்ற தோட்டா வியாபாரி வழியாகவோ காவல்துறை வழியாகவோதான் ஒப்படைக்க வேண்டும்.

பரப்பும்போது பெரிய ராணுவ ரகக் கூடு, 7.62 மி.மீ. போன்றது, தட்டுப்பட்டால் நிறுத்துங்கள். அந்த ரகம் தனியார் கிளப்பில் சுடுவதல்ல. சேவூர் சிறப்புக் காவல் படை, தக்கோலம் சி.ஐ.எஸ்.எஃப். (மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை) பயிற்சி மையம் போன்ற இடங்களில் சுடப்படுவது அரசுக் கணக்கில் உள்ள சரக்கு. "இதையும் உங்க சாக்கோட போட்டுடுங்க" என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் வாங்கவே வேண்டாம்.

காலிக் கூட்டையே விற்கலாமா என்ற கேள்வியும் உங்களுக்கு இருக்கும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டா என்பதற்குள் அதன் பாகங்களையும் சேர்க்கிறது. அதே சட்டத்தின் 45ஆம் பிரிவு, மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமில்லாத சிறு பாகங்களுக்கு விலக்கு தருகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், நோக்கத்தைக் காட்டும் காகிதம்தான் உங்களுக்குக் காவல். இத்தனை கிலோ காலிக் கூடு, உருக்குவதற்காக, இன்னாருக்கு விற்கிறோம் என்று உரிமம் தந்த அலுவலகத்துக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். கூடுகளை நசுக்கித் தருவதும் நல்லது. ஆனால் நசுக்கிய சரக்கைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறதோ என்று வாங்குகிறவர் யோசிப்பார். அதனால் அவர் வந்து பார்த்து எடை போட்டபின், அவர் முன்னாலேயே நசுக்குங்கள். ஒன்று மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்: சுட்ட கூட்டின் உட்புறத்தில் வெடிமருந்திலிருந்து வந்த ஈயமும் பேரியமும் ஒட்டியிருக்கும். சமையல் பாத்திரம் வார்க்கும் பட்டறைக்கு இந்தச் சரக்கு போகக்கூடாது.

இனி ஈயம். உங்கள் கேள்வியின் கனமான பாதி இதுதான்.

காற்றுத் துப்பாக்கி இலக்குக்குப் பின்னால் பெல்லட்டைப் பிடிக்கும் பெட்டியில் விழும் ஈயம் ஏறக்குறைய சுத்தமானது. மண் இல்லை, கல் இல்லை. அதைத் தனி டப்பாவில் வைத்துத் தனி விலைக்கு விற்க வேண்டும். மேட்டு ஈயத்தோடு கலப்பது நல்ல அரிசியில் குருணையைக் கொட்டுவது போலத்தான். .22 குண்டும் மெத்தென்ற ஈயம், நகத்தால் கீறினால் கோடு விழும். 12 போர் சன்ன ரவையில் ஆண்டிமனி என்ற உலோகம் சேர்த்திருப்பதால் கெட்டியாக இருக்கும். ஆனால் அது மைதானம் முழுக்கச் சிதறுவது, பொறுக்கிச் சேர்க்கும் கூலிக்கே கட்டாது. உங்கள் கிளப்பில் செம்புத் தோல் போர்த்த குண்டு சுட்டிருந்தால் அதையும் ஒதுக்கிவையுங்கள். உருக்கும்போது தோல் மேலே மிதந்து தனியாக வரும், அதற்கு விலை வேறு.

மேட்டில் ஈயம் எங்கும் ஒரே அளவாக இருக்காது. ஒவ்வொரு இலக்குக்கும் நேர் பின்னால் மண் குழிந்திருக்கும், அங்கேதான் குவிந்திருக்கும். பக்கவாட்டில் இருக்கும் மண்ணில் தேடினால் கூலிதான் போகும். முதலில் குழிகளின் மண்ணை மட்டும் வெட்டி, பெரிய கண் சல்லடையில் ஜல்லியை நீக்கி, பிறகு 4 மி.மீ. கண் சல்லடையில் சலியுங்கள். .22 குண்டின் விட்டம் 5.7 மி.மீ.; பட்டு நசுங்கியது அதைவிட அகலம். அதனால் முழுக் குண்டுகள் மேலே நின்றுவிடும், கூடவே அதே அளவுச் சிறு கற்களும் நிற்கும்.

கடைக்காரர் "பாதி கல்லு, பாதி எடை கழிக்கணும்" என்று சொல்வது இந்தக் குவியலைப் பார்த்துத்தான். கண்ணுக்குப் பாதி கல்லாகத் தெரிவதும் உண்மைதான். ஆனால் ஈயத்தின் அடர்த்தி 11.34, சாதாரணக் கல்லின் அடர்த்தி சுமார் 2.65. கொள்ளளவில் சரிபாதி கல், சரிபாதி ஈயம் இருந்தால் எடையில் ஈயம் 81 சதவீதம், கல் 19 சதவீதம். அவர் 100 கிலோவில் 50 கிலோ கழித்தால், 31 கிலோ ஈயத்தை இலவசமாகக் கொண்டுபோகிறார். தெரிந்து செய்கிறவரும் உண்டு, பழக்கத்தில் செய்கிறவரும் உண்டு. எப்படியானாலும் உங்களுக்கு நஷ்டம் ஒரே அளவுதான்.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு லிட்டர் அளவைப் பாத்திரமும் தராசும் போதும். கல் இல்லாமல் கையால் பொறுக்கிய குண்டுகளைத் தலைதட்டி நிரப்பி எடை பாருங்கள். ஆறு, ஆறரை கிலோ பக்கம் வரும். அதே பாத்திரத்தில் சலித்த குவியலை நிரப்பி எடை பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கல் எவ்வளவு என்று சொல்லிவிடும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் குவியலின் ஐந்தாறு இடங்களிலிருந்து எடுத்துக் கலந்து 5 கிலோ மாதிரியை எடை போட்டு, வாங்கப்போகும் உருக்காலையில் உங்கள் ஆள் முன்னால் உருக்கச் சொல்லுங்கள். கட்டியாக எத்தனை கிலோ வந்ததோ அதுதான் ரெக்கவரி. அந்தச் சதவீதத்தை மொத்த எடைக்குப் போட்டு, எம்.சி.எக்ஸ். ஈய விலையில் இத்தனை சதவீதம் என்று பேசினால் இரண்டு தரப்புக்கும் சண்டையில்லை.

மாதிரியை உங்கள் கிளப்பிலேயே உருக்கிப் பார்க்கலாமே என்று உறுப்பினர் யாராவது கிளம்புவார். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், விறகடுப்பே போதும் என்பது உண்மைதான். அந்த எளிமையிலேதான் ஆபத்து. நசுங்கிய குண்டின் மடிப்புக்குள் துளி ஈரம் இருந்தாலும் உருகிய ஈயத்துக்குள் நீராவியாக வெடித்து எல்லாப் பக்கமும் தெறிக்கும். அதன் பொடியும் புகையும் உடுப்பில் ஒட்டி வீட்டுக்கு வரும். ஈயத்துக்கு இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லும் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தொடும். உருக்கும் வேலை அனுமதி பெற்ற உலையில் மட்டும் நடக்கட்டும்.

சலிக்கும் வேலையிலும் கவனம் வேண்டும். காற்றில்லாத காலை நேரத்தில், மண்மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து, நல்ல முகக்கவசமும் கையுறையும் போட்டுச் செய்யுங்கள். முறத்தில் புடைத்துப் பிரிக்கவே கூடாது, அந்தத் தூசி முழுக்க ஈயம். வேலை செய்கிற இடத்தில் டீ, வெற்றிலை, பீடி எதுவும் வேண்டாம். கூலிக்கு வரும் பெண்கள் கைக்குழந்தையோடு வருவது நம் ஊரில் சகஜம். இந்த வேலைக்கு அப்படி யாரையும் கூப்பிடாதீர்கள், கர்ப்பிணிகளையும் கூப்பிடாதீர்கள். வேலை முடிந்ததும் அங்கேயே கை கால் கழுவி உடுப்பு மாற்ற ஏற்பாடு செய்வதும் மதிப்பீட்டில் வரும் செலவுதான்.

இனி அந்த 1 லட்சம் தோட்டாக் கணக்கைப் பணமாக்கிப் பார்க்கலாம். ஈயம் சந்தையில் 190 ரூபாய் என்றும், உங்களுக்கு அதில் 70 சதவீதம் கிடைக்கிறது என்றும், 259 கிலோவில் முக்கால்பாகம் மீட்டீர்கள் என்றும் வைத்துக்கொண்டால் 194 கிலோவுக்கு 25,800 ரூபாய். பித்தளைக்கும் அதே 70 சதவீதம் என்றால் 65 கிலோவுக்கு 35,900 ரூபாய். எடையில் கால்பங்கு இருக்கும் பித்தளை, பணத்தில் பாதிக்கு மேல் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே ரேட் பேசினால் எது அடிபடும் என்று இதிலேயே தெரிகிறது. நான் போட்ட விலைகள் வெறும் உதாரணம். நீங்கள் அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு முறை மாறாது.

ஈயத்தின் 25,800 ரூபாய் முழுவதும் லாபமும் இல்லை. வெட்டும் கூலி, சல்லடை, கவசம், வண்டி எல்லாம் அதிலிருந்து போகும். அதற்கும் மேலே ஒரு கணக்கு இருக்கிறது. மீட்காத கால்பங்கு ஈயம், பொடியாக, சலித்த மண்ணுக்குள் இருக்கிறது. அந்த மண்ணை "லோடு அடிக்க ஆள் இருக்கு" என்று யாருக்காவது கொடுத்தால் அது ஒரு வீட்டு அடிமனைக்கோ ஒரு பள்ளத்துக்கோ போய்ச் சேரும். மழையில் கரைந்து ஏரிக்குப் போகும். தோல் ஆலைக் கழிவு பாலாற்றுக்கும் நம் கிணறுகளுக்கும் என்ன செய்தது என்று வேலூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாசு செய்தவரே அதைச் சீர்செய்யும் செலவை ஏற்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் அழுத்திச் சொன்ன தீர்ப்பே வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் வந்ததுதான். அந்த ஊரில் இருந்துகொண்டு ஈய மண்ணை வெளியே தள்ளுவது எனக்கு ஏற்கமுடியாத காரியம்.

வழி சுலபமானது. சலித்த மண்ணைப் புது மேட்டுக்கே திரும்பப் போடுங்கள். ஈயம் புளித்த மண்ணில்தான் அதிகம் கரையும். அதனால் மண்ணை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடத்தில் கொடுத்து அமிலத்தன்மை பார்த்து, தேவையானால் சுண்ணாம்பு கலக்கலாம். மேட்டின் அடியில் மழைநீர் ஓடி வெளியேறாதபடி ஒரு சிறு வரப்பும், தண்ணீர் தேங்கி மண் படியும் குழியும் போதும். இந்தச் செலவைக் கழித்தபின் வரும் தொகைதான் ஈயத்தின் உண்மையான மதிப்பு. அது பூஜ்யத்துக்கு அருகில் வந்தாலும் ஈயத்தை எடுத்தே ஆகவேண்டும். விட்டுவைத்தால் மேடு கெட்டியாகி, வரும் குண்டு ஏற்கெனவே உள்ள ஈயத்தில் பட்டுத் திரும்பித் தெறிக்கும், பொடியும் பெருகும்.

யாருக்கு விற்பது என்பதில் விலையை மட்டும் பார்க்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் ஈயக் கழிவும் வருகிறது. அதை உருக்கி மறுசுழற்சி செய்பவரிடம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இருக்க வேண்டும். அனுமதி நகலைக் கேளுங்கள், அதில் ஈயம் என்று இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா என்று பாருங்கள். சில்லறையாகக் கேட்டு வருபவர் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுப்பார். அது கொல்லைப்புறத்தில் உருகி வலைக்குண்டாகவோ, மலைப்பக்கம் நாட்டுத் துப்பாக்கிக்கு ரவையாகவோ, பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் கையில் வெள்ளீயத்துக்குப் பதிலாகவோ போனால், துப்பாக்கிக் கழகத்திலிருந்து வந்த சரக்கு என்ற பெயர் உங்களோடு நிற்கும்.

எடையைத் தொழிலாளர் துறை முத்திரை வைத்த மேடைத் தராசில், உங்கள் இடத்திலேயே போடுங்கள். லாரி எடைமேடைக்குக் கொண்டுபோனால் அது ஐந்து கிலோ, பத்து கிலோ படியில்தான் காட்டும். 65 கிலோ பித்தளையில் பத்து கிலோ என்பது ஆயிரக்கணக்கான ரூபாய். ஜி.எஸ்.டி. பேச்சும் வரும். உங்கள் கிளப் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதது, வாங்குகிறவர் பதிவு உள்ளவர் என்றால் 2024 அக்டோபர் 10 முதல் உலோகக் கழிவுக்கான வரியை வாங்குகிறவரே நேரடியாகக் கட்டவேண்டும். அதை அவர் விற்கும்போது உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். "18 சதவீதம் நான் கட்டணும், அதனால விலையில குறைச்சுக்கறேன்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பணம் வங்கி வழியாக வரட்டும். ரசீதில் காலிக் கூட்டுப் பித்தளை, பெல்லட் ஈயம், மேட்டு ஈயம் என்று மூன்று வரியாக, ஒவ்வொன்றுக்கும் எடையும் விலையும் தனித்தனியே இருக்கட்டும். வாங்கியவரின் வாரிய அனுமதி எண்ணும் அதிலேயே வரட்டும். அதன் நகலைத் தோட்டாப் பதிவேட்டில் சுட்ட கணக்கு எழுதிய பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள், தணிக்கைக்கு வருகிறவர் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.